வெண்கலப் பாம்புக்குத் தூபம் காட்டியவர்கள்

விக்கிரகம் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு மனம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்த நாளிலிருந்தே அப்படித்தான். தாத்தாவோ பூட்டனாரோ ஞானஸ்நானம் எடுத்த அன்றே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது, இனி அது நம் வீட்டுப் பிரச்சினை இல்லை என்று ஒரு நினைப்பு.

வேதத்தைத் திறந்தால் அந்த நினைப்பு நிற்பதில்லை. ஏசாயாவும் எரேமியாவும் ஓசியாவும் விக்கிரகங்களைப் பற்றிக் கண்ணீரோடும் கோபத்தோடும் பேசியதெல்லாம் பெரும்பாலும் கர்த்தருடைய சொந்த ஜனங்களிடம்தான். எசேக்கியேல் 14ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலின் மூப்பர்கள் தீர்க்கதரிசிக்கு முன்னால் பணிவாக வந்து உட்காருகிறார்கள். கையில் எந்தச் சிலையும் இல்லை. தேவனுடைய வார்த்தையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் விக்கிரகங்களை இருதயத்திலே நிறுத்தி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கர்த்தர் எசேக்கியேலிடம் சொல்கிறார். யோவான் தன் முதல் நிருபத்தில் அன்பையும் வெளிச்சத்தையும் பற்றி ஐந்து அதிகாரம் எழுதிவிட்டு, கடைசி வசனத்தில் விசுவாசிகளைப் பிள்ளைகளே என்று அழைத்து, விக்கிரகங்களைக் குறித்துத்தான் எச்சரித்து முடிக்கிறார்.

இருதயத்தைக் காத்துக்கொள்வது பற்றி நான் நினைக்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்தும் பகுதி ஒன்று உண்டு. இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம், நாலாம் வசனம். எசேக்கியா ராஜா மேடைகளை அகற்றினான், சிலைகளைத் தகர்த்தான், தோப்பை வெட்டினான் என்று அந்த வசனம் தொடங்கும். அதுவரை நாம் எதிர்பார்ப்பதுதான். அடுத்து வருவதுதான் அதிர்ச்சி. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் அவன் உடைத்துப்போட்டான். அந்த நாள் வரைக்கும் இஸ்ரவேலர் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மோசே செய்தது, அதுவும் கர்த்தர் செய்யச் சொல்லிச் செய்தது.

வனாந்தரத்தில் நடந்தது

கதை எண்ணாகமம் 21ல் இருக்கிறது. ஆரோன் ஓர் என்னும் மலையில் மரித்து அதிக நாள் ஆகவில்லை. ஏதோமியர் தங்கள் நாட்டின் வழியே விட மறுத்துவிட்டதால், கானானுக்குப் போக வேண்டியவர்கள் சிவந்த சமுத்திரத்தின் வழியாகச் சுற்றி நடக்கிறார்கள். மனம் சலித்துவிட்டது. தண்ணீர் இல்லை என்கிறார்கள். தினமும் கிடைக்கும் மன்னாவை அற்பமான உணவு என்று வெறுக்கிறார்கள். பாளயத்துக்குள் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன, பலர் சாகிறார்கள். அப்போதுதான் ஜனங்கள் மோசேயிடம் வந்து பாவம் செய்தோம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். மோசே ஜெபிக்கிறார். ஒரு சர்ப்பத்தின் உருவத்தைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கும்படி கர்த்தர் சொல்கிறார். கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான்.

கூடாரத்துக்குள் கிடக்கும் ஒருவனை நினைத்துப் பாருங்கள். முழங்கால் வரை வீங்கியிருக்கிறது, உதடு காய்ந்திருக்கிறது. மகன் அவன் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, கூடாரத் திரையை விலக்கி, தூரத்தில் வெயிலில் மின்னும் கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்புகிறான். அந்த மனிதன் எதையும் தொட வேண்டியதில்லை. பொருத்தனை பண்ண வேண்டியதில்லை, தூபம் போட வேண்டியதில்லை. பார்த்தால் போதும். ஏனென்றால் கர்த்தர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவன் உயிர் அந்த உலோகத்தில் இல்லை, சொன்னவருடைய வாக்கில் இருந்தது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் என்ற நூலின் 16ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகவே எடுத்துச் சொல்கிறது: பார்த்தவர்கள் தாங்கள் பார்த்த பொருளால் மீட்படையவில்லை, எல்லோருக்கும் மீட்பரானவரால் மீட்படைந்தார்கள் என்பது அதன் கருத்து.

இது நடந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எசேக்கியா சிங்காசனம் ஏறும்போது அவனுக்கு 25 வயது. அந்தப் பாம்பு இன்னும் இருக்கிறது. இடையில் அதை யார் சுமந்துவந்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று வேதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யோர்தானைக் கடந்து, நியாயாதிபதிகள் காலத்தையும் தாவீது, சாலொமோன் காலத்தையும் தாண்டி அது பத்திரமாக இருந்திருக்கிறது என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ அதை மதித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். நம் முன்னோர் பிழைத்தது இதைப் பார்த்துத்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பார்கள். அதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. நன்றியோடு நினைவுகூர்வதை வேதமே கற்றுக்கொடுக்கிறது.

எங்கோ ஓர் இடத்தில் நினைவு வணக்கமாக மாறியிருக்கிறது. முதலில் மனந்திரும்புதல் கழன்று போயிருக்கும். வனாந்தரத்தில் பாவ அறிக்கைக்குப் பிறகுதான் பாம்பு வந்தது. பிற்காலத்தில் பாவ அறிக்கை இல்லாமலே பாம்பு மட்டும் போதுமானதாகியிருக்கும். பிறகு வாக்குத்தத்தம் கழன்றிருக்கும். கர்த்தர் அன்றைய கடிபட்ட ஜனங்களுக்குச் சொன்னதை, எல்லாக் காலத்துக்கும் எல்லாத் தேவைக்கும் வேலை செய்யும் சக்தியாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கர்த்தர் கேட்காத ஒன்று சேர்ந்துகொண்டது. அவர் பார்க்கச் சொன்னார், இவர்கள் தூபம் காட்டினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். விசுவாசியின் இருதயத்துக்குள் விக்கிரகம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. கர்த்தர் கொடுத்த நன்மையாகவே உள்ளே வருகிறது. அதனால்தான் வாசலில் யாரும் அதைத் தடுப்பதில்லை.

ஒரே மாதிரி விழுந்தவர்கள்

வேதத்தில் இது ஒரே ஒரு முறை நடந்த விபரீதம் இல்லை. எபெனேசரில் பெலிஸ்தரிடம் தோற்றபோது, இஸ்ரவேலின் மூப்பர்கள் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பெட்டி வந்தபோது பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். ஏன் தோற்றோம் என்று கர்த்தரிடம் உட்கார்ந்து கேட்டதாக முதலாம் சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியே பிடிபட்டது.

கிதியோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் அவனை ஆளச் சொன்னபோது, கர்த்தரே உங்களை ஆளுவார் என்ற கருத்தில் மறுத்தவன். அவ்வளவு நல்ல சாட்சி சொன்ன அதே மூச்சில், கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். அவற்றின் எடை மட்டும் 1,700 பொன் சேக்கல். அதில் ஓர் ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். ஏபோத் ஆசாரிய ஊழியத்துக்குரிய பரிசுத்தமான உடை. ஆனாலும் இஸ்ரவேல் முழுவதும் அதன் பின்னே போனது, அவன் வீட்டாருக்கே அது கண்ணியானது.

எரேமியாவின் காலத்திலோ ஆலயமே அப்படி ஆகிவிட்டது. கர்த்தருடைய ஆலயம் இங்கே இருக்கும்போது நமக்கு என்ன வரும் என்று எருசலேமில் எல்லோரும் தெம்பாக இருந்தார்கள். அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டே ஆலயத்தை நம்பினார்கள். சீலோவுக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்ற பொருளில் கர்த்தர் எரேமியா 7ல் பேசினார். கி.மு. 586ல் பாபிலோனியர் அந்த ஆலயத்தை எரித்தார்கள்.

பாம்பு, பெட்டி, ஏபோத், ஆலயம். இவற்றில் ஒன்றுகூடப் பாகாலின் கோவிலிலிருந்து வந்ததில்லை.

நம் வீடுகளில்

என் உறவில் ஒரு பெரியம்மா. ஜெப வாழ்க்கையில் எனக்கு முன்மாதிரி அவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்திலிருந்து ஜெபித்த எண்ணெய் என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி அவர் வீட்டுக்கு வந்தது. மூடியைச் சுற்றி டேப், மேலே ஊழியக்காரரின் படம் போட்ட லேபிள். பெரியப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன் அதைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்து ஜெபித்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு பேரன் பரீட்சைக்குப் போகும்போது ஒரு துளி, புது வண்டிக்கு ஒரு துளி, வாசல் நிலையில் ஒரு துளி. குப்பி தீரும் நிலைக்கு வந்த சமயம் ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது. "எய்யா, எண்ணெ தீரப் போவுதே, அந்த ஐயா கூட்டம் இனி எப்பம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்றார். மறுநாள் நேரில் போய் யாக்கோபு 5ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். சபையின் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கலாம் என்று அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே எழுப்புகிறவர் கர்த்தர். வாசித்து முடித்ததும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் நான் யாருக்குப் பயந்தேன்?" என்று கேட்டார். பிரசங்கங்களில் நான் கேட்காத அளவுக்கு நேரான கேள்வி அது.

எண்ணெய்க் குப்பி கண்ணுக்குத் தெரிவதால் அதைச் சொல்வது எளிது. தெரியாதவைதான் அதிகம். ஆண்டின் முதல் நாளில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தை, அது எழுதப்பட்ட அதிகாரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், அந்த வருஷத்தின் உத்தரவாதச் சீட்டாகப் பிடித்துக்கொள்கிறோம். ஒரு ஊழியக்காரர் மூலம் மனந்திரும்பியிருப்போம். பிறகு அவர் சொன்னால்தான் நமக்கு வேதம், அவர் தவறினால் நம் விசுவாசமே ஆடும். பிள்ளை ஜெபத்தில் பிறந்த பிள்ளைதான். ஆனால் அவனுக்கு மருத்துவ சீட் கிடைக்காத வருஷம் நாம் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்தினோம் என்றால், அதுவரை நாம் யாரைத் தொழுதுகொண்டிருந்தோம்? ஊழியம்கூட இதற்கு விலக்கில்லை. சபைத் தேர்தலில் ஒரு பதவிக்காகச் சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர்களும் ஆண்டவருடைய வேலைக்காகத்தான் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

1529ல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும் மார்ட்டின் லூத்தர், ஒருவனுடைய இருதயம் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதுவே அவனுடைய தேவன் என்ற கருத்தில் எழுதுகிறார். பூமியில் மிகப் பரவலாக இருக்கும் விக்கிரகம் பணம் என்றும் சொல்கிறார். கொலோசெயர் 3:5ல் பவுல் பொருளாசையை விக்கிரகாராதனை என்று நேராகவே சொன்ன பிறகு, லூத்தர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை.

பேச விரும்பாத ஒன்று

நம் சபைகளில் மிக நீண்ட காலமாகத் தூபம் பெற்றுவரும் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால், நான் உண்மையாக எழுதியவனாக மாட்டேன். சாதியைச் சொல்கிறேன்.

1706ல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1718ல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டது. நற்செய்தி தமிழில் அச்சேறிய அந்த அருமையான ஆண்டுகளிலேயே, ஆலயத்துக்குள் சாதிக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக உட்காரும் வழக்கமும் இருந்தது. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சேர்ந்து உட்காருவதைவிடச் சபையை விட்டுப் போவதே மேல் என்று பலர் விலகி நின்றார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் இல்லை. ஞானப்பாட்டுகளை மனப்பாடமாகப் பாடியவர்கள். எல்லாவற்றையும் கிறிஸ்துவுக்கு விட்டுக்கொடுத்தவர்கள்தான், இது ஒன்றைத் தவிர.

இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதியால் பிரிந்து கிடக்கிறது. திருமண விளம்பரங்களில் இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை என்ற வரிக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் அச்சாகிறது. குடும்பமும் உறவும் ஊரும் கர்த்தர் தந்த ஈவுகள்தான். அந்தப் பாசத்தை ஒருவர் மேல் ஒருவர் நிற்கும் படிக்கட்டாக மாற்றி, கிறிஸ்து இடித்துப்போட்ட சுவரை நாமே திரும்பக் கட்டினோம். ஒரு பொருளை விக்கிரகம் என்று கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான அடையாளம் இது: கிறிஸ்து ஒன்றைச் சொல்லி, அது வேறொன்றைச் சொல்லும்போது, நாம் எதற்குக் கீழ்ப்படிகிறோம்?

எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா?

இங்கேதான் பக்தியுள்ள பலர் தடுமாறுகிறார்கள். பிள்ளையை அதிகம் நேசித்துவிட்டேனோ, வேலையில் அதிக ஆர்வம் காட்டிவிட்டேனோ என்று பயந்து, நன்மையானதையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எசேக்கியாவின் பாம்போடு மோரியா மலையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 22ல் ஆபிரகாம் தன் ஏகசுதனைப் பலிபீடத்தில் கிடத்தினான். ஆனால் ஈசாக்கு சாகவில்லை. கர்த்தர் ஈசாக்கைத் திருப்பிக் கொடுத்தார், ஆபிரகாமும் முன்பைவிடக் குறைவாக அவனை நேசித்ததாக வேதம் சொல்லவில்லை. தேவனுக்கு மேலே ஈசாக்கு இல்லை என்பது அங்கே உறுதியானது. ஆக, சிலவற்றை உடைக்க வேண்டும், சிலவற்றை உரிய இடத்தில் வைக்க வேண்டும். பாம்பின் வேலை வனாந்தரத்தோடு முடிந்துவிட்டது, அதை உடைத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. சாதிப் பெருமைக்கு உரிய இடம் என்று சபையில் ஒன்றுமே கிடையாது, அதை உடைக்கத்தான் வேண்டும். மனைவி, கணவன், பிள்ளை, வேலை, ஊழியம் எல்லாம் ஈசாக்குகள். அவற்றைக் கர்த்தர் கையில் திறந்து வைக்கப் பழக வேண்டும்.

ஒரு தடவை உடைத்துவிட்டால் முடிந்துவிடுவதும் இல்லை. இவ்வளவு துணிச்சலாகப் பாம்பை உடைத்த எசேக்கியாவே பிற்காலத்தில் தடுமாறினான். வியாதியிலிருந்து அவனைக் குணமாக்கி, கர்த்தர் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தார். நலம் விசாரிக்கப் பாபிலோனிலிருந்து தூதர் வந்தார்கள். வெள்ளி, பொன், கந்தவர்க்கம், நல்ல தைலம், ஆயுதசாலை என்று தன் பொக்கிஷசாலை முழுவதையும் சுற்றிக் காட்டினான். உன் வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று ஏசாயா கேட்டார். நான் காட்டாத பொருள் ஒன்றும் இல்லை என்ற பதில் வந்தது. குணமாக்கிய கர்த்தரைப் பற்றி அந்த விருந்தாளிகளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை. நீதிமொழிகள் 4:23 இருதயத்தைக் காக்கச் சொல்லும்போது காவல் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. காவல்காரன் ஒரு ராத்திரி விழித்திருந்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போக முடியாது.

எப்படிக் காப்பது?

நம் சபைகளின் பழைய பழக்கங்கள் சில இதற்கென்றே அமைந்தவை போல எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலிப் பக்கம் நம் பாட்டிமார் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி போகும். இந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று பானைக்குப் பக்கத்திலேயே நின்று தினமும் ஒப்புக்கொள்ளும் ஜெபம் அது. பொருளாசைக்கு எதிராக இதைவிடப் பெரிய பிரசங்கம் எனக்குத் தெரியவில்லை. இப்போது மாதக் கடைசியில் ஆன்லைனில் தசமபாகம் அனுப்பிவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் கையால் எடுத்துக் கொடுக்கும் ஒன்று, பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் ஒன்று, வீட்டில் இருக்கட்டும்.

அசனப் பண்டிகையும் அப்படித்தான். ஊர் முழுவதும் ஒரே சமையல், ஒரே பந்தி. பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று பார்க்காமல் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், சாதிக்குக் காட்டும் தூபம் அந்தப் பந்தியிலாவது அணையும். இடம் பார்த்து உட்காருகிறோம் என்றால் விருந்து மட்டும் நடக்கிறது, அசனம் நடக்கவில்லை.

இன்னொன்று, நம்மை நன்றாகத் தெரிந்த ஒரு விசுவாசியிடம், என் வாழ்க்கையில் எதைத் தொட்டால் எனக்குக் கோபம் வருகிறது என்று கேட்பது. நம் விக்கிரகம் நம் கண்ணுக்குக் கடைசியாகத்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அவர்கள் சொல்வதை வாதாடாமல் கேட்டுவிட்டு, அதைச் சங்கீதம் 139ன் கடைசி இரண்டு வசனங்களோடு ஜெபத்துக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடைத்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. யோவான் 3ஆம் அதிகாரத்தில், ராத்திரியில் வந்த நிக்கொதேமுவிடம் இயேசு இதே பாம்பைத்தான் எடுத்துக்காட்டினார். மோசே வனாந்தரத்தில் சர்ப்பத்தை உயர்த்தியது போல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்று தம்முடைய சிலுவையைக் குறித்துச் சொன்னார். அந்த வெண்கலம் எதைச் சுட்டிக்காட்டியதோ அவரே வந்துவிட்டார். எண்ணெயாலும் வசன அட்டையாலும் ஊழியக்காரராலும் ஆகக்கூடிய நன்மை அவரைக் காட்டுவது மட்டுமே. காட்டிவிட்டால் அவற்றின் வேலை முடிந்தது. நம் பார்வை அவர்மேல் நின்றால் பிள்ளையையும் வேலையையும் சபையையும் பயமில்லாமல் நேசிக்கலாம். அவற்றால் சுமக்க முடியாத பாரத்தை நாம் அவற்றின் தலையில் ஏற்றமாட்டோம்.

இந்த வாரத்தில் ஒரு மாலையைத் தனியாக ஒதுக்குங்கள். கர்த்தர் உங்களுக்குத் தந்த நன்மைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது இல்லாமல் போனாலும் அவரைத் துதிப்பேனா என்று உண்மையாகக் கேளுங்கள். பேனா எந்தப் பெயரில் தயங்கி நிற்கிறதோ, அந்தப் பெயரைச் சொல்லி அன்றே ஜெபிக்கத் தொடங்குங்கள்.